பார்ட் மாத்துறத நிறுத்திட்டு மீட்டர எடுங்க: வீட்டுல செஞ்ச மெட்டல் டிடெக்டர் ஏன் விடாம கத்துது?

உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன் தம்பி. நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான், தப்பா இருந்தா திருத்துங்க. 555 டைமர் ஐ.சி, பி.சி 557 டிரான்சிஸ்டர், ஒரு மாஸ்ஃபெட் (காயிலுக்கு கரண்ட்ட விட்டு நிறுத்துற சுவிட்ச்), எட்டு கால் ஆப் ஆம்ப் (சின்ன சிக்னல பெருசாக்குற ஐ.சி) ஒண்ணு வச்சு பல்ஸ் இண்டக்‌ஷன் டைப் டிடெக்டர் டாட் போர்டுல பண்ணிருக்கீங்க. காயில் 0.5 எம்.எம் எனாமல் கம்பில 25 சுத்து, விட்டம் 19 சென்டிமீட்டர். டயக்ராம்ல மாஸ்ஃபெட்டுக்கு ஐ.ஆர்.எஃப் 740 போட்டிருந்துச்சு, கடையில இல்லனு இசட் 44 வாங்கிட்டீங்க, ஆப் ஆம்ப்புக்கு டி.எல் 072-உம் இல்லனு எல்.எம் 358 போட்டுட்டீங்க, சப்ளைக்கு 12 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர். ஆன் பண்ணுனா ஸ்பீக்கர் கர்ர்ர்னு விடாம கத்துது, அட்ஜஸ்ட் பண்ற பாட்ட (திருகு ரெசிஸ்டர) கொஞ்சம் திருப்புனா ஒரேடியா அடங்கிடுது, நடுவுல எங்கயும் நிக்க மாட்டேங்குது, அடங்குன நிலையில தோசக்கல்ல 5 சென்டிமீட்டர் கிட்ட கொண்டு போனா லேசா ஒரு சத்தம், ஒரு ரூபா காசுக்கு ஒண்ணுமே இல்ல, மாஸ்ஃபெட் கை வைக்க முடியாத சூடு. 555-அ ரெண்டு தடவ மாத்திட்டு "வேற எந்த பார்ட் போயிருக்கும்"னு கேட்டிருக்கீங்க. இந்த கேள்விக்கு நேரா பதில் சொன்னா நீங்க இன்னும் நாலு பார்ட் வாங்கி மாத்துவீங்க, அவ்ளோதான். உங்களுக்கு வேண்டியது ஸ்கோப் (வோல்டேஜ் அலைய திரையில காட்டுற கருவி) இல்லாம, கையில இருக்குற சாதா மல்டிமீட்டர வச்சு, எந்த இடம் வரைக்கும் சரியா இருக்கு, எங்க இருந்து கெட்டுப்போகுதுனு பிரிச்சு பாக்குற வழி. நான் யூ.பி.எஸ், எஸ்.எம்.பி.எஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை) போர்டு ரிப்பேர் பண்றவன், இந்த டைப் டிடெக்டரும் செஞ்சிருக்கேன், மத்தவங்க செஞ்சு ஓடாதத சரி பண்ணியும் குடுத்திருக்கேன். அந்த பழக்கத்துல சொல்றேன்.

முதல்ல சர்க்யூட் என்ன பண்ணணும்னு ரெண்டு வரில சொல்லிடுறேன், அப்பதான் மீட்டர்ல வர்ற நம்பருக்கு அர்த்தம் புரியும். 555 செகண்டுக்கு நூத்தி சொச்சம் தடவ ஒரு சின்ன பல்ஸ் குடுக்குது, அந்த நேரம் மட்டும் மாஸ்ஃபெட் ஆன் ஆகி காயில்ல கரண்ட் ஏறுது, டக்குனு ஆஃப் ஆனதும் காயில்ல இருந்த காந்தப்புலம் சரிஞ்சு பெரிய வோல்டேஜ் ஒண்ணு எகிறி இறங்குது. பக்கத்துல உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் ஓடும், அது அடங்க கொஞ்ச மைக்ரோ செகண்ட் கூட ஆகும், அதனால காயில் வோல்டேஜோட வால் கொஞ்சம் நீளமா இறங்கும். அந்த வால் நீளத்ததான் ஆப் ஆம்ப் பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புது. அப்போ விடாம கர்ர்ர்னு கத்துதுன்னா, எதுவும் பக்கத்துல இல்லாதப்பவே வால் நீளமா இருக்குனு அர்த்தம். ஏன் நீளமா இருக்கு, அததான் தேடணும்.

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி அடாப்டர தூக்கி ஓரமா வைங்க. எஸ்.எம்.பி.எஸ் அடாப்டர் தன்னோட சுவிட்சிங் நாய்ஸ கொண்டு வரும், அதோட நீங்க வச்சிருக்குறது 1 ஆம்ப் தான், இந்த சர்க்யூட் ஒவ்வொரு பல்ஸுக்கும் சில ஆம்பியர் இழுக்கும். பழைய யூ.பி.எஸ்ல இருக்குற 12 வோல்ட் 7 ஏ.ஹெச் பேட்டரி போதும், இல்லனா மூணு 18650 செல் சீரியஸ்ல. சதுரமா இருக்குற 9 வோல்ட் பேட்டரி மட்டும் வேண்டாம், அதுக்கு உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம், முதல் பல்ஸ்லயே படுத்துடும். பேட்டரி எதுவா இருந்தாலும் காயிலோட பிளஸ் முனைக்கும் மாஸ்ஃபெட்டோட நெகட்டிவ் பக்க காலான சோர்ஸுக்கும் பக்கத்துலயே 1000 இல்ல 2200 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு இருக்கணும். அப்புறம் டெஸ்ட் பண்ற இடம். வீட்டு தரையில, மொட்ட மாடியில வச்சு டெஸ்ட் பண்ணா கான்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பிக்கே கத்தும், இரும்பு கால் வச்ச டேபிளும் அப்படித்தான். பிளாஸ்டிக் சேர் மேல காயில வச்சு, தரையில இருந்து ஒரு மீட்டராவது உயர்த்தி, முடிஞ்சா வாசல்ல வச்சு பாருங்க. பாதி பேரோட "ஃபால்ட்" இந்த எடத்துலயே முடிஞ்சிடும். உங்களுது முடியாதுனு நினைக்கிறேன், ஏன்னா சூடுனு ஒரு விஷயம் சொல்லிருக்கீங்க.

சூட வச்சே ஆரம்பிப்போம். உங்க காயிலுக்கு கணக்கு போட்டா கம்பி நீளம் சுமார் 15 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 1.3 ஓம், இண்டக்டன்ஸ் 300 மைக்ரோ ஹென்றி பக்கம் வரும். பல்ஸ் 150 மைக்ரோ செகண்ட் அகலம், செகண்டுக்கு 138 தடவனு வச்சா உச்ச கரண்ட் 4 ஆம்ப் வரைக்கும் போனாலும் சராசரி 50 மில்லி ஆம்ப் தான், 555, ஆடியோ எல்லாம் சேத்தாலும் 100-அ தாண்ட வேண்டிய அவசியமே இல்ல. 100 மில்லி ஆம்ப் இழுக்குற சர்க்யூட்ல மாஸ்ஃபெட் கை சுடாது. அதனால பேட்டரி பிளஸ்ல மீட்டர 10 ஆம்ப் ரேஞ்ச்ல சீரியஸா போட்டு கரண்ட் பாருங்க. 1 ஆம்ப் பக்கம் காட்டுனா பல்ஸ் அகலமா போகுதுனு அர்த்தம், அதுக்கு மேல எங்கயோ போனா மாஸ்ஃபெட் எப்பவுமே ஆன்ல இருக்கு. முதல் தடவ ஆன் பண்றப்ப 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்ப் ஒண்ண சீரியஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க, ஷார்ட் இருந்தாலும் பல்ப்தான் எரியும், போர்டு தப்பிக்கும். எங்க கடையில எந்த போர்டா இருந்தாலும் சீரிஸ் லேம்ப் இல்லாம ஆன் பண்ண மாட்டோம்.

கரண்ட் பாத்தாச்சுன்னா அடுத்து மாஸ்ஃபெட்ட ஆன் ஆஃப் பண்ற காலான கேட்ல, நெகட்டிவ பொறுத்து, டி.சி வோல்ட் ரேஞ்ச்ல பாருங்க. மீட்டர் வேகமான பல்ஸ காட்டாது, சராசரியதான் காட்டும், நமக்கு அதுதான் வசதி. ஏன்னா 555-ல சாதாரணமா கட்டுற ஆஸ்டேபிள் சர்க்யூட்ல (தானா ஹை, லோனு மாறிக்கிட்டே இருக்குறது) அவுட்புட் ஹை நேரம் எப்பவுமே லோ நேரத்த விட அதிகம். ஹை நேரம் 0.693 பெருக்கல் ரெண்டு ரெசிஸ்டரோட கூட்டல் பெருக்கல் கெப்பாசிட்டர், லோ நேரம் 0.693 பெருக்கல் ரெண்டாவது ரெசிஸ்டர் மட்டும் பெருக்கல் கெப்பாசிட்டர். 100 கே, 2.2 கே, 0.1 மைக்ரோ போட்டா ஹை 7 மில்லி செகண்ட், லோ 150 மைக்ரோ செகண்ட். நமக்கு வேணும்கிற குட்டி பல்ஸ் லோ பக்கம் இருக்கு, அத தலகீழா திருப்பி மாஸ்ஃபெட்டுக்கு குடுக்கத்தான் அந்த பி.சி 557. எல்லாம் சரியா இருந்தா கேட்ல சராசரி கால் வோல்ட் (0.25) காட்டும். 10 வோல்ட்டுக்கு மேல காட்டுனா 557 தலகீழா திருப்பவே இல்ல, மாஸ்ஃபெட் 98 சதவீத நேரம் ஆன்ல கிடக்கு. 1.7 வோல்ட் பக்கம் காட்டுனா பல்ஸ் பத்து மடங்கு அகலம். இந்த மூணு நம்பர்ல உங்களுது எதுனு தெரிஞ்சாலே பாதி வேல முடிஞ்சுது.

என்னோட சந்தேகம் 1.7 மேலதான். உங்க சர்க்யூட் தோசக்கல்லையாவது கண்டுபிடிக்குது, அப்போ பல்ஸ் ஏதோ ஒண்ணு ஓடுது, முழுசா ஆன்ல மாட்டியிருந்தா எதையுமே கண்டுபிடிச்சிருக்காது. 2.2 கே-க்கு பட்டை சிவப்பு சிவப்பு சிவப்பு, 22 கே-க்கு சிவப்பு சிவப்பு ஆரஞ்சு. டியூப்லைட் வெளிச்சத்துல இந்த ரெண்டையும் மாத்தி எடுக்காதவங்க யாருமே இல்ல, அதுவும் நீல கலர் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரா இருந்தா கேக்கவே வேண்டாம். 22 கே போட்டா பல்ஸ் ஒன்றரை மில்லி செகண்ட் ஆகிடும், கரண்ட் 4-ல நிக்காம காயில் ரெசிஸ்டன்ஸ் விடுற வரைக்கும், அதாவது 8, 9 ஆம்ப் வரைக்கும் ஏறப் பாக்கும், சராசரி 1 ஆம்ப் தாண்டும், உங்க 1 ஆம்ப் அடாப்டர் திணறும். சூடு, கத்தல் ரெண்டுக்கும் இந்த கணக்கு பொருந்துது. ஆனா பொருந்துறதாலயே இதுதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ரெசிஸ்டர ஒரு கால் கழட்டி மீட்டர்ல அளந்து பாருங்க, கலர நம்பாதீங்க. கெப்பாசிட்டர்லயும் 104-னு எழுதியிருக்கணும், 105 இருந்தா ஹை, லோ ரெண்டு நேரமுமே பத்து மடங்கு ஆகிடும், கேட் சராசரி மட்டும் மாறாது. கேட்ல 10 வோல்ட் வந்துச்சுன்னா மட்டும் 557-ஓட கால் திசைய பாருங்க: தட்டையான பக்கம் நம்மள பாத்தா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில அதுக்கு பதிலா 2என் 3906 குடுத்திருந்தா அது எமிட்டர், பேஸ், கலெக்டர், அப்படியே நேர் எதிர்.

மீட்டர் நம்பர் மேல நம்பிக்கை வரலனா கண்ணால பாக்க ஒரு வழி இருக்கு. காயில கழட்டிட்டு அந்த இடத்துல 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒண்ண மாட்டுங்க. பல்ஸ் சரியா இருந்தா பல்ப் எரியுறதே தெரியாது, இருட்டுல உத்துப் பாத்தா லேசா செவக்கலாம். பல்ஸ் பத்து மடங்கு அகலமா இருந்தா மங்கலா ஆரஞ்சு கலர்ல எரியும். பளிச்சுனு எரிஞ்சா எப்பவுமே ஆன், இல்லனா மாஸ்ஃபெட் உள்ளயே ஷார்ட். ஷார்ட்டானு பாக்க மாஸ்ஃபெட்ட கழட்டி டயோடு ரேஞ்ச்ல வைங்க: ட்ரெயின் (காயில் பக்கம் இருக்குற கால்), சோர்ஸ் நடுவுல ஒரு பக்கம் மட்டும் அர வோல்ட் பக்கம் காட்டணும், கேட்ல இருந்து ரெண்டு காலுக்கும் எதுவும் காட்டக் கூடாது. ஒண்ணு மறக்காதீங்க, காயில் மாட்டி ஓடுறப்ப ட்ரெயின்ல கை வைக்காதீங்க, மீட்டர் குச்சியும் வேண்டாம். யாராவது ஃப்ரெண்டு டி.எஸ்.ஓ 138 குட்டி ஸ்கோப் கிட் கொண்டு வந்து "நான் வேவ்ஃபார்ம் பாக்குறேன்"னு அங்க மாட்டுனா தடுத்துடுங்க, அந்த கிட்டோட இன்புட் தாங்குறது 50 வோல்ட், 740 போட்ட சர்க்யூட்ல அந்த எடத்துல 400 வோல்ட் எகிறும்.

இப்போ இசட் 44 கதைக்கு வரேன், இதுலதான் எனக்கு சந்தேகமே இல்ல, பல்ஸ் சரியா இருந்தாலும் இத மாத்தியே ஆகணும். "44 இன்னும் ஸ்ட்ராங் சார், ஆம்ப் அதிகம், சூடு ஆகாது"னு கவுண்டர்ல சொல்லியிருப்பாங்க, ஆம்ப் விஷயத்துல அது உண்மையும் கூட. ஆனா இங்க வேண்டியது ஆம்ப் இல்ல, வோல்ட். 740 தாங்குறது 400 வோல்ட், இசட் 44 தாங்குறது 55. காயில்ல ஏறுன கரண்ட் எவ்ளோ சீக்கிரம் பூஜ்யத்துக்கு இறங்கும்ங்கிறது அதுக்கு எதிரா எவ்ளோ வோல்டேஜ் ஏற விடுறோம்ங்கிறத பொறுத்தது. 300 மைக்ரோ ஹென்றில 4 ஆம்ப், 400 வோல்ட் வரைக்கும் ஏற விட்டா 3 மைக்ரோ செகண்ட்ல காலி. 55 வோல்ட்டுலயே மாஸ்ஃபெட் உடைஞ்சு கடத்த ஆரம்பிச்சா அதே 4 ஆம்ப் இறங்க 22 மைக்ரோ செகண்ட். பல்ஸும் அகலமா இருந்து 9 ஆம்ப் ஏறியிருந்தா 50 மைக்ரோ செகண்ட் ஆகும். காசு மாதிரி சின்ன பொருளோட சிக்னல் முக்கியமா அந்த முதல் சில பத்து மைக்ரோ செகண்ட்லதான் இருக்கு, அந்த நேரம் பூரா உங்க காயில் தன்னோட வேலையவே முடிக்கல. காசு சொல்றது அந்த சத்தத்துல அமுங்கிப் போகுது, தோசக்கல் மாதிரி பெரிய இரும்போட சிக்னல் மட்டும் ரொம்ப நேரம் நீடிக்கிறதால அது தப்பிச்சு வருது. சூட்டுக்கும் இதுவே ஒரு காரணம்: 740 இருந்தா காயில்ல இருந்த எனர்ஜில ஒரு பெரும்பங்கு, காயிலுக்கு பேரலலா ஆட்டத்த அடக்க வச்சிருக்குற டேம்பிங் ரெசிஸ்டருக்கு போகும், 55 வோல்ட்டுல நின்னுட்டா ரெசிஸ்டர் வழியா ஓடுறது ரொம்ப கொஞ்சம், மிச்சம் எல்லாம் மாஸ்ஃபெட் தலையிலதான். 740 கிடைக்கலனா 840 கேளுங்க, 500 வோல்ட், ஆன் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் கூட, அவ்ளோதான். ரெண்டுக்கும் கேட்ல 10 வோல்ட் பக்கம் வேணும், அதனால பேட்டரி ரொம்ப இறங்குன நிலையில டெஸ்ட் பண்ணாதீங்க.

அடுத்தது எல்.எம் 358. இதுவும் எட்டு கால், உள்ள ரெண்டு ஆப் ஆம்ப், கால் வரிசையும் அச்சு அசல் 072 மாதிரிதான், சாக்கெட்டுல மாட்டுனா உக்காந்துடும், எரியவும் செய்யாது. ஆனா உங்க டயக்ராம பாருங்க, காயிலோட ஒரு முனை நேரா பிளஸ் 12-ல இருக்கு, ஆப் ஆம்ப்போட இன்புட்டும் அந்த பிளஸ் 12 லெவல்லயே உக்காந்திருக்கு. 072-ஓட இன்புட் பிளஸ் ரெயில் (சப்ளையோட பிளஸ் லைன்) வரைக்கும் ஒழுங்கா வேல செய்யும், டேட்டாஷீட்லயே அது ஒரு சிறப்பம்சமா போட்டிருக்கும். 358 இதுக்கு நேர் எதிர், நெகட்டிவ் ரெயில் வரைக்கும் போகும், பிளஸ் பக்கம் ஒன்றரை வோல்ட் கீழயே நின்னுடணும், அதாவது 12 வோல்ட் சப்ளைல 10.5 வரைக்கும்தான் உத்தரவாதம். 12-ல வச்சா அவுட்புட் ஒண்ணு மேல ஒட்டிக்கும் இல்ல கீழ ஒட்டிக்கும். பாட்ட திருப்புனா ஒண்ணு கத்துது இல்ல அடங்கிடுது, நடுவுல நிக்கலனு நீங்க எழுதுனதுக்கு இதுதான் காரணம்னு கிட்டத்தட்ட உறுதியா சொல்வேன். வேகத்துலயும் 358 ரொம்ப பின்னாடி, 072 மைக்ரோ செகண்டுக்கு பத்து வோல்ட்டுக்கு மேல ஏறும், 358 அர வோல்ட் ஏறுனாலே பெருசு. 072 இல்லனா 082 வாங்குங்க, அதே குடும்பம், தாராளமா ஓடும். ஆடியோ ஆம்ப் பண்றவங்க 5532 போட சொல்வாங்க, நல்ல ஐ.சி தான், ஆனா அதோட இன்புட்டும் ரெயில் வரைக்கும் போகாது, இங்க வேண்டாம்.

ஆப் ஆம்ப் மாத்துறதுக்கு முன்னாடி அதுக்கு முன்னால இருக்குற ரெண்டு 4148 டயோட பாத்துடுங்க, இல்லனா புது ஐ.சி-யும் போயிடும். அது ரெண்டும் எதிர் எதிர் திசையில பேரலலா இருக்கணும், காயில்ல எகிறுற வோல்டேஜ்ல ஒரு வோல்ட் பக்கத்துக்கு மேல ஆப் ஆம்ப்புக்கு போகாம தடுக்குறது அதுதான். ஐ.சி-ய சாக்கெட்டுல இருந்து எடுத்துட்டு, காயிலையும் கழட்டிட்டு, டயோடு ரேஞ்ச்ல ரெண்டு பக்கமும் மாத்தி வைங்க, ரெண்டு பக்கமும் 0.6 பக்கம் காட்டணும். ஒரு பக்கம் மட்டும் காட்டுனா ரெண்டையும் ஒரே திசையில வச்சிருக்கீங்க, பூஜ்யம் காட்டுனா ஒண்ணு ஷார்ட்.

காயில். இதுல ஒரு தொல்ல இருக்கு, மீட்டர் வச்சு பாதிதான் தெரியும். 1.3 ஓம் காட்டுனா (மீட்டர் வயரோட சொந்த ரெசிஸ்டன்ஸ கழிச்சுக்கோங்க, மலிவு மீட்டர்ல அதுவே 0.3, 0.4 வரும்) கம்பி அறுந்து போகல, முனையில எனாமல் ஒழுங்கா சுரண்டியிருக்குனு மட்டும் தெரியும். ரெண்டு சுத்துக்கு நடுவுல எனாமல் உரிஞ்சு ஒட்டியிருந்தா 25-ல ஒரு சுத்து குறையும், ரெசிஸ்டன்ஸ்ல 4 சதவீத வித்தியாசம், அத மீட்டர் காட்டவே காட்டாது. ஆனா டிடெக்டருக்கு அந்த ஒரு சுத்து, காயிலோடயே ஒட்டி வச்ச ஒரு செம்பு வளையம், எப்பவும் "உலோகம் இருக்கு"னுதான் சொல்லும். இத அளந்து கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க, நேரம்தான் போகும். சாதாரண பி.வி.சி இன்சுலேஷன் ஒயர்ல அதே 25 சுத்து தற்காலிகமா சுத்தி டேப் போட்டு மாட்டிப் பாருங்க, அதுல அமைதியா இருந்தா பழைய காயில் குப்பைக்கு. காயில் கூட்டுக்குள்ள ஸ்க்ரூ, ஆணி, அலுமினியம் ஃபாயில் எதாவது இருக்கானும் பாருங்க. ஷீல்டுனு ஃபாயில் சுத்தியிருந்தா ரெண்டு முனையும் தொடாம இடைவெளி விட்டிருக்கணும், மூடுன வளையமா இருந்தா அதுவும் ஷார்ட்டான சுத்து மாதிரிதான். போர்டுல இருந்து காயிலுக்கு போற ஒயர் டி.வி கேபிள்னு சொல்லிருந்தீங்க, அத மாத்திடுங்க. நிறைய டி.வி கேபிள்ல நடுக்கம்பி செம்பு பூசுன இரும்பு, காந்தம் வச்சா ஒட்டும். முக்கால் ஸ்கொயர் எம்.எம் ரெண்டு கோர் ஃப்ளெக்ஸிபிள் ஒயர் போதும்.

டேம்பிங் ரெசிஸ்டர் விஷயத்துல மட்டும் என்னால இங்க உக்காந்து முடிவா சொல்ல முடியாது. சரியான மதிப்பு, காயில் இண்டக்டன்ஸ காயில், ஒயர், மாஸ்ஃபெட் எல்லாத்தோட கெப்பாசிடன்ஸால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதுல பாதி. 300 மைக்ரோ ஹென்றி, 500 பைக்கோ ஃபாரட்னு வச்சா 390 ஓம் பக்கம் வருது, உங்க டயக்ராம்லயும் 390 தான், அதனால ஆரம்பத்துக்கு சரி. ஆனா உங்க ஒயர், உங்க காயில் சுத்துன விதம் எல்லாம் சேந்து அந்த 500 எவ்ளோ ஆகும்னு ஸ்கோப்ல வால பாத்தாதான் தெரியும். ரெசிஸ்டர் அதிகமா இருந்தா மணி அடிச்ச மாதிரி ரிங் ஆகும், கம்மியா இருந்தா வால் மந்தமா இறங்கும். ஸ்கோப் இல்லாதவங்க 390-ல ஆரம்பிச்சு, 330, 470 ரெண்டும் போட்டுப் பாத்து, எதுல காசு அதிக தூரத்துல கேக்குதோ அத வச்சுக்கலாம். கால் வாட் (0.25 வாட்) ரெசிஸ்டர் மட்டும் போடாதீங்க, வாட் பத்தலங்கிறது ஒரு பக்கம், அது தாங்குறதே சாதாரணமா 250 வோல்ட் தான். 180-உம் 220-உம் ஒரு வாட்டுல சீரியஸா போட்டா வோல்டேஜ் ரெண்டுலயும் பிரிஞ்சுக்கும்.

நீங்க அனுப்புன போர்டு ஒயரிங் போட்டோ தெளிவா இல்ல, அதனால பொதுவா ஒண்ணு: மாஸ்ஃபெட் சோர்ஸ்ல இருந்து வர்ற நெகட்டிவ் ஒயரும் ஆப் ஆம்ப்போட நெகட்டிவ் ஒயரும் வழியில எங்கயும் சேரக்கூடாது, ரெண்டும் தனித்தனியா வந்து பெரிய கெப்பாசிட்டரோட கால்லதான் சேரணும், பிளஸ் பக்கமும் அதே மாதிரி. 4 ஆம்ப் ஓடுற பாதையில ஆப் ஆம்ப்பும் உக்காந்தா அது அந்த ஆட்டத்தையும் சேத்துதான் பெருசாக்கும். ஸ்பீக்கர் பக்கம் கத்துதுனா அந்த ஸ்டேஜ் உயிரோட இருக்கு, அத தொடாதீங்க.

இன்னொரு சந்தேகம், இது எல்லாம் சரியானதுக்கு அப்புறம் வரலாம், இப்பவே சொல்லிடுறேன். சத்தம் ஒரே சீரா இல்லாம அலை அலையா கூடி குறைஞ்சா அது கரண்ட் லைன்ல இருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ். உங்க பல்ஸ் 138-ல இருக்கணும், கெப்பாசிட்டர் பத்து சதவீதம் கம்மியா வந்திருந்தா 150 பக்கம் போயிடும், அது 50-ஓட மூணு மடங்கு, ரெண்டும் உரசி மெதுவா ஆடும். 100 கே-வ கொஞ்சம் கூட்டி குறைச்சா போயிடும்.

இப்போ டெஸ்ட் பொருள். இப்ப ஓடுற ஒரு ரூபா காசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தம் ஒட்டும், நீங்க தேடுற பொருளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பித்தளை கலர்ல இருக்குற அஞ்சு ரூபா காச வச்சு டெஸ்ட் பண்ணுங்க, எப்பவும் அதே காசு, காயில் நடுவுக்கு நேரா, காத்துல. எல்லாம் சரியா இருந்தா 15 சென்டிமீட்டர் பக்கம் கேக்கணும், காயில் விட்டம் அளவுக்கு வந்துட்டா உங்க வேல சுத்தம். அதுக்கு மேல ஆசப்பட்டு 24 வோல்ட் குடுக்குறேன்னு கிளம்பாதீங்க. தூரம் ரெண்டு மடங்கானா திரும்பி வர்ற சிக்னல் 64-ல ஒரு பங்கு, ஏன்னா போறப்பவும் குறையுது வர்றப்பவும் குறையுது. கரண்ட்ட ரெண்டு மடங்காக்குனாலும் ஆழம் 12 சதவீதம்தான் கூடும், 15 சென்டிமீட்டர் 17 ஆகும், மாஸ்ஃபெட் போனாலும் போகும்.

கடைசியா நீங்க ஒரு வரில போற போக்குல எழுதியிருந்தீங்க, அம்மாவோட தங்க செயின் தோட்டத்துல மோட்டார் ரூம் பக்கம் விழுந்துடுச்சு, அத தேடத்தான் இதுன்னு. அத முதல்லயே சொல்லியிருக்கலாம். மெல்லிசான செயின் இந்த டிடெக்டர்களுக்கு ரொம்ப கஷ்டமான பொருள். எடை நாலு பவுன் இருந்தாலும் காயில் அத நாலு பவுன் கட்டியா பாக்காது, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனி குட்டி வளையமாதான் பாக்கும், கண்ணிக்கு கண்ணி தொடர்பு சரியா இருக்காது, குட்டி வளையத்தோட சிக்னல் சில மைக்ரோ செகண்ட்ல செத்துடும், உங்க சர்க்யூட் கண்ண தொறக்குறதுக்கு முன்னாடியே. டாலர் இருந்தா, தாலி, குண்டு, காசு மாதிரி கெட்டியா எதாவது கோத்திருந்தா அதுதான் கேக்கும், வெறும் செயின்னா கொக்கிய நம்பித்தான் தேடணும். அதுக்கு 19 சென்டிமீட்டர் காயில விட 11 சென்டிமீட்டர் விட்டத்துல 35 சுத்து சுத்துன காயில் நல்லா இருக்கும், இண்டக்டன்ஸ் அதே 300 பக்கம் வர்றதால மத்தது எதையும் மாத்த வேண்டாம். அம்மாவோட வேற ஒரு செயின, அதே மாதிரி கனம், ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு காயில் கிட்ட கொண்டு போய் எவ்ளோ தூரத்துல கேக்குதுனு முதல்ல பாருங்க. 3 சென்டிமீட்டர்னா 3 சென்டிமீட்டர், அந்த உயரத்துலதான் தோட்டம் பூரா ஆட்டணும், கயிறு கட்டி பாத்தி பாத்தியா பிரிச்சு. இது தங்கம் இது இரும்புனு இந்த சர்க்யூட் பிரிச்சு சொல்லாது, மோட்டார் ரூம் பக்கம் பழைய ஆணி, போல்ட், கம்பி எல்லாத்துக்கும் கத்தும், முதல்ல ஸ்பீக்கர் காந்தம் ஒண்ண கயித்துல கட்டி இழுத்து அத பொறுக்கிடுங்க. விழுந்த இடம் ஒரு சென்ட்டுக்குள்ளனு தெரிஞ்சா மேல் மண்ண ரெண்டு விரக்கட சுரண்டி சல்லடையில சலிக்கிறது இத விட சீக்கிரம் முடியும், அத இன்னைக்கே ஆரம்பிக்கலாம், மழைக்கு முன்னாடி.

அது ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த பக்கம் பேட்டரி கரண்ட், 555 மூணாவது கால் (அவுட்புட்) வோல்டேஜ், கேட் வோல்டேஜ், டயோடு ரெண்டு பக்கமும் காட்டுற நம்பர், கழட்டி அளந்த அந்த ரெசிஸ்டரோட மதிப்பு, இத்தனையும் எழுதுங்க. 072, 740 வாங்கி மாட்டுறதுக்கு முன்னாடி எடுத்த ரீடிங்கா இருக்கட்டும், மாட்டுனதுக்கு அப்புறம் எடுத்தது தனியா.